பயணம் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தவர்

எங்கள் தெருவில் வளைகுடாவுக்குப் பிழைக்கப் போகிற ஆண்களைச் சபராளி என்போம். சபராளி புறப்படுவதற்கு முன்னால் சொந்தக்காரர் வீடு ஒன்று விடாமல் ஏறி இறங்கிப் பயணம் சொல்லிக்கொள்ள வேண்டும். "போய்ட்டு வரேன், துஆ செய்ங்க" என்று அவர் சொல்ல வேண்டும். அந்த வீட்டார் கண்கலங்க வேண்டும். அதன் பிறகு சோறு போட வேண்டும். கண்கலங்கத் தவறினால்கூட யாரும் பெரிதுபடுத்த மாட்டார்கள். சாப்பிடாமல் எழுந்து போனால் பேரன் பேத்தி காலம்வரைக்கும் சொல்லிக்காட்டுவார்கள். என் கணவர் இந்த முறையில் ஒரு குறையும் வைத்தவரில்லை. அழுவதற்கு ஆள் இல்லாத வீட்டில்கூட உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

இந்தத் தடவை அவர் செய்த தவறு, வரிசையை மாற்றியதுதான். பழைய கம்பெனியை விட்டுவிட்டு ஊருக்கு வந்து சில மாதம் ஆகியிருந்தது. வேறொரு நாட்டில், வேறொரு கம்பெனியில் ஸ்டோர் மேற்பார்வை வேலை இருப்பதாக ஏஜென்ட் செய்தி அனுப்பினார். ஒழுங்காக நடப்பவர்கள் முதலில் மெடிக்கல் போவார்கள். உடம்பு சரி என்று தாள் வந்த பிறகுதான் மற்றதெல்லாம். இவருக்கோ தன் உடம்பின்மேல் அசாத்திய நம்பிக்கை. "மெடிக்கல் எல்லாம் சும்மா பேருக்கு. கல்லு மாதிரி இருக்கேன் பாரு" என்று நெஞ்சில் தட்டிக் காட்டினார். திருச்சியில் மெடிக்கலை முடித்து, அப்படியே சென்னைக்குப் போய், அங்கிருந்தே விமானம் ஏறிவிடுவதாகத் திட்டம். அதனால் காரைக்காலிலும் நெரவியிலும் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் முன்கூட்டியே பயணம் சொல்லிவிட்டார். நெய்ச்சோறு, கோழி, வட்டிலப்பம் என்று ஒரு வாரம் வெளுத்துக் கட்டினார். பிறகு பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பிப் போனார்.

போனவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெருவே சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, ஆட்டோவில் வந்து இறங்கினார். கரோனா காலத்தில் வாங்கிய முகக்கவசம், அதன்மேல் ஒரு துண்டு, தலையில் தொப்பி. கண்ணைத் தவிர எதுவும் தெரியவில்லை. நான் கதவைத் திறந்ததும் பெட்டியை உள்ளே தள்ளிவிட்டுத் தானும் நுழைந்து தாழ்ப்பாள் போட்டார்.

"யாரும் பாத்தாங்களா?" என்றார்.

"நான் பாத்துட்டேனே" என்றேன்.

சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார். நெஞ்சு எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு பழைய தழும்பு தெரிகிறதாம். காசநோய்த் தழும்பு போல் இருக்கிறதாம். வளைகுடாச் சட்டத்தில் அதற்கு மேல் பேச்சில்லை. 'அன்ஃபிட்' என்று போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

"சரி, அதுக்கு ஏன் இந்த வேஷம்?"

"என்னா சொல்ற நீ? மாமி அழுது மூக்கெல்லாம் செவந்துபோச்சு. அதுங்க வீட்டு நெய்ச்சோறு இன்னும் செரிக்கல. அதுக்குள்ள போயி, நான் போகலன்னு நிக்கவா? அன்ஃபிட்டுன்னு தெரிஞ்சா ஊரு என்ன பேசும்? வேற ஊர்ல வேற சென்டர்ல மறுபடியும் மெடிக்கல் எடுத்துடலாம்னு கூட்டாளி சொல்லியிருக்கான். அதுவரைக்கும் நான் இங்க இல்ல. போயிட்டேன். புரியுதா?"

கூட்டாளி என்றது கடைவீதியில் செல்போன் கடை வைத்திருக்கிறவரை. அவரும் பழைய சபராளி. அவரையும் என்னையும் தவிர, இவர் ஊரில் இருப்பது யாருக்கும் தெரியக் கூடாது என்பது உத்தரவு. புதுச்சேரியில் விடுதியில் தங்கிப் படிக்கிற எங்கள் மகளுக்கு மட்டும் பிறகு அனுமதி கிடைத்தது. அவள் போனில் சிரித்த சிரிப்பை இவர் இன்னும் மன்னிக்கவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிறவள். அந்த மாதம் நடந்துகொண்டிருந்தது நோய்த்தடுப்புப் பாடம். பாடத்தை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று இத்தனை வருடம் கட்டுப்பாடாக இருந்தேன். பாடமே பெட்டியோடு வந்து இறங்கினால் நான் என்ன செய்ய?

உடம்புக்குள் ரோந்து சுற்றுகிற வெள்ளணுக்களில் பல வகை உண்டு. கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடிவருகிற கூட்டம் ஒன்று. வந்து, அடித்து, அங்கேயே செத்துப்போகும். புண்ணில் சீழ் என்று நாம் முகம் சுளிப்பது பெரும்பாலும் அவற்றின் பிணங்கள்தான். அடுத்து வருபவை விழுங்கு செல்கள். இவை கிருமியை அப்படியே வாரி விழுங்கி, தங்களுக்குள்ளேயே இருக்கிற அமிலப் பையில் போட்டுக் கரைத்துவிடும். கரைத்ததில் ஒரு துணுக்கை எடுத்து வாசலில் மாட்டியும் வைக்கும். சுற்றிவருகிற வேறொரு வகை செல் அந்தத் துணுக்கைத் தொட்டுப் பார்த்து, உள்ளே யார் வந்திருக்கிறார் என்று கண்டுபிடித்து ஊரைக் கூட்டும். வாசலைப் பார்த்தே உள்விவகாரம் தெரிந்துகொள்கிற ஆட்கள் எல்லாத் தெருவிலும் உண்டு என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் உடனே புரிந்துகொள்வார்கள்.

கிருமிகளும் லேசுப்பட்டவை அல்ல. ஃப்ளூ வைரஸ் வருடா வருடம் சட்டையை மாற்றிக்கொண்டு வரும். போன வருடத்து முகத்தை நினைவில் வைத்திருக்கிற செல்களுக்கு இந்த வருடம் ஆள் பிடிபடாது. சில பாக்டீரியாக்கள் வழவழவென்று சர்க்கரைப் போர்வை போர்த்திக்கொண்டு, பிடிக்க வருகிறவர் கையிலிருந்து வழுக்கிவிடும். காசநோய்க் கிருமி இவை எல்லாவற்றுக்கும் மேலே. விழுங்கு செல் விழுங்கட்டும் என்று பேசாமல் இருக்கும். உள்ளே போனதும் அமிலப் பை தன்னிடம் வந்து சேராதபடி தடுத்துவிட்டு, காவல்காரன் வயிற்றுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும்.

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. இவர் பின்னறையில் குடித்தனம் நடத்தினார். நான் மூன்று வேளையும் சோறு போட்டு, "நல்லபடியா போய் சேந்துட்டாங்களா?" என்று கேட்கிறவர்களுக்கு "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பொய்யும் இல்லை என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

கூட்டாளி நாளொரு யோசனை அனுப்பினார். கருஞ்சீரகப் பொடியைத் தேனில் குழைத்துத் தின்றால் தழும்பு கரையும் என்றார். இவர் தின்றார். தேன் தீர்ந்தது, வேறொன்றும் கரையவில்லை. எக்ஸ்ரே எடுக்கும்போது வலது தோளை லேசாகத் தூக்கி, உடம்பைச் சாய்த்து நின்றால் காறை எலும்பு தழும்பை மறைத்துவிடும் என்பது அடுத்த யோசனை. இவர் அலமாரிக் கண்ணாடி முன் நின்று காலையும் மாலையும் பழகினார். கொஞ்ச நாளில் சாப்பிடும்போதுகூட வலது தோள் தானாகத் தூக்கிக்கொண்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு, கூட்டாளியின் வண்டிப் பின்னால் ஏறி, தெரிந்தவர் இல்லாத வேறு ஊர்ப் பள்ளிவாசலுக்குப் போய்வந்தார்.

"சட்டைய மாத்துறது, போர்வைய போத்துறது, எலும்புக்குப் பின்னாடி ஒளியறது. கிருமிங்க உங்ககிட்ட டியூஷன் படிக்கணும்" என்றேன்.

"டீச்சரம்மா, நக்கல் வேண்டாம்" என்றார். கோபம் வந்தால் நான் அவருக்கு டீச்சரம்மா.

கிண்டல் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த எக்ஸ்ரேயைச் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். வலது மேல்பக்கத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அது என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். விழுங்கு செல்லால் கிருமியைக் கொல்ல முடியாதபோது மற்ற செல்கள் வந்து சுற்றி நின்றுகொள்ளும். நின்ற இடத்திலேயே நெருங்கிச் சுவராகிவிடும். காலப்போக்கில் அந்தச் சுவரில் சுண்ணாம்பு படியும். உள்ளே அகப்பட்ட கிருமி செத்தும் போயிருக்கலாம். செத்த மாதிரி கிடந்து, காவல் எப்போது தளரும் என்று காத்திருக்கவும் செய்யலாம். எது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் ஆகாது. அதனால் வந்த அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அவருக்குத் தனி அறை, திறந்த ஜன்னல் என்று ஏற்பாடும் செய்தேன்.

"ஆஸ்பத்திரியில பாதி பேரு நம்ம சொந்தம். மீதி பேரு உங்கிட்ட படிச்ச பிள்ளைங்க. நாளைக்குப் பாப்போம்" என்றார். அந்த நாளை வரவே இல்லை.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அன்ஃபிட் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது பயம். அடுத்து வந்தது சந்தோஷம். அந்த வரிசையையாவது நான் சரியாக வைத்திருந்தேன். எங்கள் தெருவில் பெண்கள் புருஷனிடம் 'போகாதீங்க' என்று சொல்வதில்லை. பயணத்துக்கு முன்னால் அந்தச் சொல் வாயில் வந்தால் பயணத்துக்கு ஆகாது என்பார்கள். கல்யாணமான நாள்முதல் ஒவ்வொரு தடவையும் நானும் அந்தச் சொல்லை விழுங்கித்தான் வழியனுப்பியிருக்கிறேன். விடுமுறைக்கு வருவார், எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பா எது, உப்பு டப்பா எது என்று அவர் கற்றுக்கொள்வதற்குள் விடுமுறை முடிந்துவிடும். இப்போது மெடிக்கல் சென்டர்க்காரர்கள் எனக்காக அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டார்கள். ஆனால் இவர் அதையும் ஏய்த்துவிட்டுப் போகத்தான் கண்ணாடி முன் நின்று தோளைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் என் நாத்தனார் ஒருநாள் சாயங்காலம் வந்தார். இவருக்கு அக்கா. இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். கையில் மூடிய தூக்கு; அதில் சுடச்சுட இறால் வைத்துப் பொரித்த வாடா. அந்த வாசனைக்கு இவர் எந்த நாட்டிலிருந்தும் நடந்தே வந்துவிடுவார். நான் குசினிக்குள் போய்த் தேநீர் போட்டேன். அவர் பின்னறைக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எங்கள் பேச்சு விலைவாசியைத் தாண்டுவதற்குள் அறைக்குள்ளிருந்து ஒரு தும்மல் கேட்டது. அடக்கப் பார்த்து அடக்க முடியாமல் வெடித்த தும்மல்.

"யாரு உள்ள?" என்றார் நாத்தனார்.

"பூனை, லாத்தா."

"பூனை தும்மிட்டு அல்ஹம்துலில்லாஹ் சொல்லுதே?"

நான் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தேன்.

"மண்டபத்தூர்லேர்ந்து மீன் கொண்டாருமே அந்தப் பொம்பள, அது எங்க தெருவுக்கும் வருது. ஒங்க தம்பி பொஞ்சாதிக்கு இப்பெல்லாம் கொடுவா கேக்குதுன்னுச்சு. நீ எங்க கொடுவா திங்கிற? சங்கரா தவிர வேற மீனு ஒனக்கு ஆகாதே. வரும்போது வாசக் குப்பைத்தொட்டிய பாத்தேன். எம்புட்டு செதிலு. டேய், வெளிய வா!"

வாசலில் கிடந்த துணுக்கைப் பார்த்தே உள்ளே இருப்பவரைக் கண்டுபிடித்த என் நாத்தனாரை அன்று நான் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். கதவு திறந்தது. இவர் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். வலது தோள் மட்டும் கொஞ்சம் தூக்கியிருந்தது. நாத்தனார் முழுக் கதையையும் கேட்டார். ஒரு வாடாவை எடுத்து இவர் கையில் கொடுத்தார். தின்று முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரி. நானும் வரேன். மொகத்த மூடு, மூடாமப் போ. ஆனா போற" என்றார். நான் பத்து நாளாகக் கெஞ்சி நடக்காதது ஒரு வார்த்தையில் நடந்தது. அக்கா என்றால் அப்படித்தான்.

நெஞ்சு நோய்ப் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி நிதானமாகப் பார்த்தார்.

"எப்பவாவது ரொம்ப நாள் விடாம இருமல் இருந்துச்சா சார்? சாயங்காலமானா காய்ச்சல், வேர்வை, எடை குறையறது?"

"இல்லவே இல்ல டாக்டர்" என்றார் இவர், கல்லு மாதிரி.

எனக்குச் சுருக்கென்றது. சில வருடம் முன்பு, கோடையில், இவர் கன்னம் ஒட்டிப்போன படம் ஒன்றை அனுப்பியிருந்தார். சட்டை தோளில் தொங்கியது. நான் கேட்டதற்கு டயட் என்றார். 'என்னா மாப்பிள்ள, ரெண்டாம் கல்யாணத்துக்குத் தயாராவுறீங்களா?' என்று நான் பதில் அனுப்பியதும் நினைவுக்கு வந்தது.

"டயட்டுன்னு சொன்னீங்களே மச்சான்" என்றேன்.

இவர் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார்.

"அங்க என்னத்த பாக்குற? டாக்டரம்மா கேக்குறாங்கள்ல?" என்றார் நாத்தனார்.

பிறகுதான் வெளியே வந்தது. அந்தக் கோடையில் விடாத இருமல். சாயங்காலமானால் காய்ச்சல். கம்பெனி கிளினிக்குக்குப் போனால் படம் எடுப்பார்கள், படத்தில் ஏதாவது தெரிந்தால் அடுத்த விமானத்தில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து போகவில்லை. அறைத்தோழர் கொடுத்த இருமல் மருந்தும் காய்ச்சல் மாத்திரையும் தின்றுகொண்டே வேலைக்குப் போயிருக்கிறார். நோன்பு பிறக்கிறவரைக்கும் அப்படியே ஓடி, பிறகு மெல்ல மெல்ல அடங்கியிருக்கிறது.

"தினம் பேசுனோமே. ஒரு நாள்கூட இருமல் கேக்கலையே?" என்றேன்.

"இருமல் வரும்போது போன மியூட்ல போட்டுடுவேன்" என்றார். "அப்புறம் லைன் கட்டாயிடுச்சும்பேன்."

அந்த வருடம் நான் எத்தனை தடவை மொட்டை மாடிக்கு ஓடியிருக்கிறேன் தெரியுமா? பேச்சுக்கு நடுவே சத்தம் அற்றுப்போகும். நான் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டு படியேறுவேன். வெயிலில் கைப்பிடிச் சுவரோரம் நின்று போனை உயரத் தூக்குவேன். சிம்மைக்கூட மாற்றினேன். நான் இங்கே சிம்மைத் திட்டிக்கொண்டு நின்ற நேரத்தில் அவர் அங்கே வாயைப் பொத்திக்கொண்டு இருமியிருக்கிறார். விலங்கியல் டீச்சர், நோய்த்தடுப்பைக் கரைத்துக் குடித்தவள், ஒரு பொத்தானில் ஏமாந்திருக்கிறேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து நான் அழுதேன். என்னிடம் படித்த பெண் ஒருத்தி அங்கே நர்ஸாக இருக்கிறாள்; அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

டாக்டர் எதையும் மழுப்பவில்லை. "உங்க உடம்பு தானாவே அடக்கி வச்சிருக்கு. அது உங்க அதிர்ஷ்டம். எல்லாருக்கும் அப்படி நடக்காது. உங்க ரூம்ல இருந்தவங்களுக்கும் ஆபத்துதான். ரெண்டு வாரத்துக்கு மேல இருமுனா உடனே காட்டணும், அவ்வளவுதான்" என்றார். அறைத்தோழர்களுக்கெல்லாம் போன் போட்டுப் பரிசோதிக்கச் சொல்லுங்கள் என்றார். இவர் அன்றே போட்டார். சளியில் கிருமி இருக்கிறதா என்று உடனடியாகப் பார்த்த சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வளர்த்துப் பார்க்கிற சோதனைக்குப் பல வாரம் ஆகும். இந்தக் கிருமி எதிலும் அவசரப்படாது.

அந்த வாரங்களில் நான் இவரிடம் ஒழுங்காகப் பேசவில்லை. பரிமாறும்போது கரண்டி பேசியது. ஒருநாள் கோபம் தாங்காமல் அந்தப் படத்தைக் கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன். மறுபடியும் ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். அதே சுண்டைக்காய்ப் புள்ளி. அந்தக் கோடையில், பெண்டாட்டிக்கும் தெரியாமல், டாக்டருக்கும் தெரியாமல், இவருடைய வெள்ளணுக்கள் தனியாக நின்று கட்டிய சுவர் அது. அவற்றுக்குத் துணை அனுப்ப யாரும் இல்லை; சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்கவும் யாரும் இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது. படத்தை உறையில் போட்டு என் சேலைகளுக்கு நடுவே வைத்தேன்.

முடிவு வந்தது. கிருமி எதுவும் வளரவில்லை. உள்ளே உறங்குவது ஏதாவது இருந்தால் எழுந்துவிடாமல் இருக்க டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். நன்றாகச் சாப்பிட வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும், சர்க்கரை ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வப்போது வந்து படம் எடுக்க வேண்டும். "சுவர் இருக்கு. காவல் விட்டுடக் கூடாது" என்றார்.

அன்று சாயங்காலமே கூட்டாளி வந்தார். அவர் முகத்தில் வெற்றி. "எல்லாம் பேசியாச்சு. வேற ஸ்டேட்ல ஒரு சென்டர். அங்க இதெல்லாம் கண்டுக்க மாட்டாங்களாம். அடுத்த வாரம் போனா போதும்" என்றார். இவர் மூலையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து அதன் கயிற்றை அவிழ்க்கவே இல்லை. நானும் அவிழ்க்கச் சொல்லவில்லை. இவர் தோள் மெல்லத் தூக்கிக்கொண்டது.

"போகாதீங்க" என்றேன்.

கூட்டாளி தேநீரைக் கீழே வைப்பதா கையிலேயே வைத்திருப்பதா என்று தெரியாமல் விழித்தார்.

"என்னா சொன்ன?" என்றார் இவர்.

"போகாதீங்க மச்சான். இங்கேயே இருங்க."

"இத்தன வருஷத்துல நீ இப்படி சொன்னதில்லையே."

"பயணத்துக்கு ஆகாதுன்னு சொல்லாம இருந்தேன். இப்பவும் ஆகாதுதான். அதான் சொல்றேன்."

"அன்ஃபிட்டுங்கிறதாலயா?"

"நீங்க ஃபிட்டா இருந்தா வாயில வந்திருக்குமான்னு தெரியல. ஆனா ஒவ்வொரு தடவையும் நெனச்சிருக்கேன்" என்றேன். கூட்டாளி முன்னால் அழுகிறோமே என்ற வெட்கம்கூட எனக்கு இல்லை. அவர் விவரமானவர். தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கடையைப் பூட்டாமல் வந்துவிட்டதாகச் சொல்லிக் கிளம்பினார். இவர் குசினிக்குப் போய்க் கத்தியை எடுத்துவந்து கயிற்றை அறுத்தார். அவிழ்த்திருக்கலாம், நல்ல கயிறு.

பயணம் சொல்வதற்கு எங்களிடம் முறை இருக்கிறது. சொன்ன பயணத்தைத் திரும்ப வாங்குவதற்கு முறை இல்லை. நாத்தனார்தான் ஒன்றை உண்டாக்கினார். சோறு தின்ற அத்தனை வீட்டுக்கும் தம்பியை இழுத்துக்கொண்டு போய், "இவன் போகல. நெஞ்சுல பழைய தழும்பு. ஆறிப்போனது, யாருக்கும் ஒட்டாது, டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க" என்று தானே முந்திக்கொண்டு அறிவித்தார். ஊர் பேசும் என்று இவர் பயந்தார் அல்லவா? பேசியது. ஒரு வாரம் பேசிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டது. மூக்குச் சிவக்க அழுத மாமி, சேதி காதில் விழுந்ததும் மறுபடியும் அழுதார், மறுபடியும் நெய்ச்சோறு போட்டார். எல்லா வீட்டிலும் இரண்டாம் சுற்று நடந்தது. நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொன்னது அதிலேயே நிறைவேறிவிட்டது.

கீழவாஞ்சூர் துறைமுகத்தில் ஒரு ஸ்டோர் வேலை வந்தது. நிலக்கரித் தூசு என்றதும் டாக்டர் கண்ணை உருட்டிவிட்டார். இப்போது கூட்டாளியின் கடையில் பாதிப் பொறுப்பு இவருடையது. சர்க்கரை டப்பா எது, உப்பு டப்பா எது என்று தெரிந்துகொண்டார். தோள் மட்டும் எப்போதாவது தூக்கும்.

ஐப்பசியில் மழை பிடித்த வாரம். பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்கு ஜலதோஷம். நான் கொண்டுவந்து இவருக்கும் கொடுத்துவிட்டேன். டாக்டரிடம் காட்டியாயிற்று, வெறும் சளிதான். சாயங்காலம் நான் கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் பாதி வார்த்தையில் நிறுத்தினார், எழுந்தார், போய்விட்டார். நான் நிமிர்ந்து பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது. பேச்சுக்கு நடுவே அந்தச் சத்தமற்ற இடைவெளியை எனக்கு நன்றாகத் தெரியும். மொட்டை மாடிப் படி ஏறத்தான் என் கால் முதலில் எழுந்தது.

கொல்லைக் கதவைத் திறந்தேன். கூரை ஓரத்தில் முக்கால்வாசி நனைந்தபடி நின்று, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் இருமிக்கொண்டிருந்தார்.

"இங்க என்ன பண்றீங்க?"

"இருமல் வந்துச்சு. நீ பேப்பர் திருத்திக்கிட்டு இருந்த."

"உள்ள வந்து இருமுங்க மச்சான்" என்றேன். "எனக்குக் கேக்கணும்."

வந்தார். தலையைத் துவட்டிக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு வேண்டிய மட்டும் இருமினார். நான் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கடைசிவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.